வெறுங்கையும் ஆயுதமும்: ஜப்பானியப் பழைய போர்க்கலைகளில் கோடு எங்கே விழுந்தது?

செங்காந்தள்

வணக்கம் நண்பர்களே. யோக்கோஹாமாவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் ஜூடோ பழகினேன், இங்கே வந்தபிறகு ஐகிடோ. இப்போது பழைய மரபுப் பள்ளி ஒன்றில் சேர ஆசை. யாரைக் கேட்டாலும் முதல் கேள்வியே "வெறுங்கையா, ஆயுதமா?" என்றுதான் வருகிறது. ஜூடோ, ஐகிடோ, கராத்தே ஒரு பக்கம். கெண்டோ (மூங்கில் வாள் சண்டை), இயாய் (உறையிலிருந்து வாளை உருவும் கலை), வில், நாகினாத்தா (நீண்ட கம்பில் வளைந்த அலகு) இன்னொரு பக்கம். வெறுங்கையில் நன்றாகத் தேறிவிட்டு அப்புறம் வாளைத் தொடு என்கிறார் ஒருவர். இரண்டும் சம்பந்தமே இல்லாத உலகம், ஒன்றை விட்டுவிடு என்கிறார் இன்னொருவர்.

இந்தக் கோடு உண்மையிலேயே பழையதா? கூடவே, ஐகிடோவில் ரொம்ப நாளாக எனக்குள்ள ஒரு சந்தேகம்: நிஜச் சண்டையில் யார் வந்து மணிக்கட்டைப் பிடிக்கப் போகிறார்கள்? பாதிப் பயிற்சி அதிலேயே போகிறதே.

தடிக்காரர்

மணிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

இடுப்பில் வாள் செருகிய ஒருவன் எதிரே நிற்கிறான். அவன் வலது கை வாள்பிடிக்குப் போகிறது. அந்தக் கையை அங்கேயே அமுக்கிவிட்டால் நீங்கள் பிழைத்தீர்கள், விட்டால் கதை முடிந்தது. இப்போது அவன் பக்கம் போய் நின்று பாருங்கள். கை பிடிபட்டுவிட்டது. பிடித்தவனின் நிலையைக் குலைத்து, கையை விடுவித்து, வாளை உருவியாக வேண்டும். நீங்கள் பழகும் மணிக்கட்டுப் பிடிகள் பெரும்பாலும் இந்த இரண்டு பேரின் அவசரத்தில் பிறந்தவை. இடுப்பிலிருந்து வாளை எடுத்துவிட்டுப் பார்ப்பதால்தான் அர்த்தமில்லாததாகத் தெரிகிறது. உயேஷிபா மொரிஹேய் 1915-ல் ஹொக்கைடோவில் தாக்கேதா சோக்காகுவைச் சந்தித்து தாய்த்தோ ரியூ (ரியூ என்றால் மரபுப் பள்ளி) கற்றார், அதிலிருந்துதான் ஐகிடோ வளர்ந்தது. அந்தத் தாக்கேதா அய்சு நாட்டு வாள்வீரர். உயேஷிபாவும் பின்னாளில் இபாராக்கியில் உள்ள இவாமாவில் தங்கி வாளும் தடியும் விடாமல் பயின்றார்.

உங்கள் ஜூடோவுக்கு வருகிறேன். ஜூடோவின் தலைமைக்கூடமான கோடோக்கானில் இன்றும் கற்பிக்கப்படும் கிமே நோ கத்தா என்ற வடிவத்தில் 20 நுணுக்கங்கள். 8 மண்டியிட்டு அமர்ந்தபடி, 12 நின்றபடி. குத்துவாளோடு வருகிறவன், வாளோடு வருகிறவன் எல்லாம் அதில் உண்டு. கடைசிக்கு முந்தையதைக் கவனித்துப் பாருங்கள்: எதிராளி வாளை உருவத் தொடங்குகிறான், நீங்கள் ஓரடி உள்ளே போய் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து, அப்படியே பின்னால் சுற்றிக் கழுத்தை இறுக்குகிறீர்கள். போட்டி ஜூடோ மட்டும் பழகியவர்கள் பலர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான்.

என் பதில் இதுதான்: கோடு பழையது இல்லை. 1876-ல் வாள் அணியத் தடை வந்தபிறகுதான் வெறுங்கை ஒரு பக்கமாகவும் வாள் ஒரு பக்கமாகவும் போயின.

வானம்பாடி

தடிக்காரர் சொல்வது முழுதும் ஒப்பவில்லை. சாமுராய் என்றால் வாள். கையில் வாள் இருப்பவன் ஏன் மல்லுக்கட்டப் போகிறான்? ஜூஜுத்சு, அதாவது ஜூடோவுக்கு முந்தைய பிடிசண்டை, வாள் வைத்துக்கொள்ள உரிமை இல்லாத குடியானவர்களும் காவலாட்களும் வளர்த்த கலை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கராத்தேயும் அப்படித்தானே?

ஓலைச்சுவடி

வானம்பாடி, இந்தக் கருத்து நிறைய இடங்களில் உலவுகிறது. ஆனால் பதிவுகள் வேறு சொல்கின்றன.

முதலில் கராத்தேயை ஒதுக்கி வையுங்கள். அது ஒகினாவாவின் சொத்து. ஃபுனகோஷி கிச்சின் தோக்கியோவில் செய்து காட்டியது 1922-ல். சாமுராய் பள்ளிகளின் கணக்கில் அது வராது.

இரண்டாவது, போர்க்களத்தில் வாள் முதல் ஆயுதமே இல்லை. தொடக்க காலச் சாமுராயின் பெருமை வில்லும் குதிரையும். பிறகு ஈட்டி. 1543-ல் தானேகாஷிமாத் தீவில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்தபின் அதுவும் சேர்ந்தது. வாள் இடுப்பில் இருந்தது, முன்வரிசை ஆயுதங்கள் போனபின் கைக்கு வந்தது. அதுவும் கவசம் போட்டவனை வாளால் ஓங்கி வெட்டி வீழ்த்துவது கடினம். நெருங்கிப் பிடித்து, நிலைகுலைத்து, தரையில் சாய்த்து, கவசத்தின் இடுக்கில் குறுங்கத்தியைச் செருகுவார்கள். மல்யுத்தமும் கத்தியும் ஒரே அசைவின் இரண்டு பாதிகள். ஜூஜுத்சுவின் வேர்களில் முக்கியமானது இது.

பழைய ஜூஜுத்சுப் பள்ளிகளில் இன்றும் உயிரோடிருக்கும் தாக்கேனோஉச்சி ரியூவைப் பாருங்கள். 1532-ல், இப்போதைய ஒக்காயாமா மாகாணப் பகுதியில் தாக்கேனோஉச்சி ஹிசாமோரி தொடங்கியது. ஒரு கோட்டைத் தலைவர் அவர், குடியானவர் அல்ல. அவர் பள்ளியின் அடிப்படைப் பாடமே குறுங்கத்தியோடு நெருங்கி நின்று எதிராளியை அடக்குவது. அதற்குக் காரணம் உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போனால் நீண்ட வாளைக் கழற்றி வைத்துவிட வேண்டும், குட்டைக் கத்தி மட்டும் இடுப்பில் இருக்கும். பாய் விரித்த அறையில், மண்டியிட்டு, ஒரு கை எட்டும் தூரத்தில் எதிரி. அங்கே பிடியும் கத்தியும் சேர்ந்துதான் வேலைசெய்யும்.

இனி தடிக்காரருக்கு ஒரு சிறு திருத்தம். எல்லாப் பழியையும் 1876 மேல் போடாதீர்கள். 1615-ல் ஒசாக்கா கோட்டை விழுந்தபிறகு பெரிய போர்கள் ஓய்ந்தன. 1868 வரை நீண்ட எடோ காலத்து அமைதியில் வாளுக்கு ஒரு பள்ளி, ஈட்டிக்கு ஒரு பள்ளி, ஜூஜுத்சுவுக்கு ஒரு பள்ளி என்று தனித்தேர்ச்சி ஏற்கெனவே வந்துவிட்டது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ முதலில் கற்ற தென்ஜின் ஷின்யோ ரியூ 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. கவசம் இல்லாத சாதாரண உடுப்புக்கான குத்தும் கழுத்துப்பிடியும்தான் அதில் மிகுதி. பள்ளிகள் பிரிந்தது எடோ காலத்தில். ஆனாலும் ஒரே ஆள் காலையில் வாளாசிரியரிடமும் மாலையில் ஜூஜுத்சு ஆசிரியரிடமும் போனான். பதினெட்டுப் போர்க்கலைகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் அது மாறும்: வில், குதிரையேற்றம், ஈட்டி, வாள், நாகினாத்தா, துப்பாக்கி, நீச்சல், கயிற்றால் கட்டுவது, அரிவாள்சங்கிலி. அதில் ஜூஜுத்சுவும் ஒன்று, அவ்வளவே.

கடலோரக்கவி

வில்லைப் பற்றி ஓலைச்சுவடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தனித்தேர்ச்சி எந்த அளவுக்குப் போனது என்று பார்க்க கியோத்தோவின் சன்ஜூசன்கென்தோ கோவிலுக்குப் போங்கள். மேற்குத் தாழ்வாரத்தின் நீளம் சுமார் 120 மீட்டர். தாழ்வான கூரையில் இடிக்காமல் அம்பை மறுமுனைவரை செலுத்த வேண்டும், அதுவும் ஒரு நாள் முழுக்க. 1686-ல் கிஷூ நாட்டின் வாசா தாய்ஹாச்சிரோ 13,053 அம்பு எய்து 8,133 அம்புகளைக் கடத்தினார். போரில் யாரும் இப்படி எய்வதில்லை. மெய்ஜி ஆட்சிக்கு (1868 முதல்) முன்பே ஒரு ஆயுதம் தனக்கென்று ஒரு உலகம் கட்டிக்கொண்டதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. உத்தரங்களில் பழைய அம்புகள் பதிந்த தடம் இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்.

தடிக்காரர்

ஓலைச்சுவடி சொல்வது சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பல ஆசிரியர்களிடம் போய்வந்த அந்த ஒரே ஆள் காணாமல்போனது மெய்ஜியில். சாமுராய் வகுப்பே கலைந்தது. வாளாசிரியர்களுக்குச் சோறில்லை. சிலர் காசு வாங்கிக் காட்சிப் போட்டி நடத்தினார்கள். ஜூஜுத்சு ஆசிரியர்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்தார்கள். 1877-ல் கானோ ஆசிரியர் தேடி அலைந்தபோது கட்டுப் போடுகிறவர்களின் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் விசாரித்தார். ஃபுகுதா ஹாச்சினோசுக்கேயிடம் சேர்ந்தது அந்த வழியில்தான். 1882-ல் எய்ஷோஜி கோவிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோக்கான் தொடங்கியது. 1911-ல் நடுநிலைப்பள்ளிகளில் ஜூடோவும் கெண்டோவும் பாடமாக அனுமதிக்கப்பட்டன. பிள்ளைகள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். செங்காந்தளிடம் எல்லோரும் கேட்கிற "வெறுங்கையா, ஆயுதமா" அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: அதே கானோ 1928-ல் கோடோக்கானுக்குள்ளேயே பழைய போர்க்கலைகளுக்கு ஒரு ஆய்வுக் குழு தொடங்கி, கத்தோரி ஷிந்தோ ரியூ என்ற பழைய பள்ளியின் ஆசிரியர்களை அழைத்து வாளும் தடியும் கற்பிக்க வைத்தார். வெறுங்கைக் கலையை உலகெங்கும் கொண்டுபோன மனிதர், தன் சிறந்த மாணவர்கள் கையில் தடியைக் கொடுத்தார்.

சின்னமலை

வரலாறு எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை யாரும் பேசவில்லை. இந்தப் பழைய பள்ளிகளில் மோதிப் பார்ப்பதே இல்லையே? இரண்டு பேர் முன்பே முடிவுசெய்த அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இதை நம்பி எப்படிக் கற்பது? நான் கெண்டோ பழகுகிறேன். அடி விழுந்ததா இல்லையா என்று எனக்கு அந்த நொடியே தெரியும்.

தடிக்காரர்

சின்னமலை கேட்டது நியாயமான கேள்வி. நான் ஷிந்தோ முசோ ரியூ பழகுகிறேன், 128 செ.மீ. தடி. எதிராளியிடம் மரவாள். இருவருக்கும் கவசம் கிடையாது. ஒரு வடிவத்தை மட்டும் சொல்கிறேன்.

தடியை முன்னால் ஊன்றி நிற்கிறேன். வாள்காரர் நெருங்கி வந்து என் தலைக்கு வெட்டுகிறார். சும்மா ஓங்கிக் காட்டுவதில்லை, நான் நகராவிட்டால் மண்டை உடையும். முன்கூட்டியே நகர்ந்தால் அவர் வாளைத் திருப்பி நான் போகிற இடத்தில் வெட்டுவார். தாமதித்தால் சொல்லவே வேண்டாம். வாள் இறங்கத் தொடங்கி, இனி திருப்ப முடியாது என்ற அந்த இடைவெளியில் விலகி, தடியின் மறுமுனை அவர் மணிக்கட்டில் இறங்க வேண்டும். அசைவு என்னவென்று இருவருக்கும் தெரியும், எப்போது என்பது யாருக்கும் தெரியாது.

இங்கே கவனிக்க வேண்டியது யார் எந்தப் பக்கம் என்பது. வாளோடு வந்து தோற்பவர் மூத்தவர், வெல்பவர் கற்பவர். பழைய வாள் பள்ளிகள் பலவற்றிலும் இதே வழக்கம். என் ஆசிரியர் எத்தனையோ ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் எங்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார். என் அளவுக்கு ஏற்ற வேகம், என் அளவுக்கு ஏற்ற அழுத்தம், அதற்கு மேல் ஒரு துளி. அந்த ஒரு துளியில்தான் கற்கிறோம். வெல்ல நினைப்பவரால் இப்படிக் கொடுக்க முடியாது.

சத்சுமாவின் ஜிகென் ரியூவில் நட்டுவைத்த மரத்தைக் கட்டையால் அடிப்பதுதான் அடிப்படைப் பயிற்சி, காலையில் 3,000 மாலையில் 8,000 என்று அவர்கள் சொல்வழக்கு. அந்தப் பயிற்சி பெற்றவர்களைக் கண்டு எடோவின் கடைசிக் காலத்தில் மற்றவர்கள் அஞ்சினார்கள்.

ஓலைச்சுவடி

சின்னமலைக்கு இன்னொன்று. மோதிப் பார்க்கும் ஆசை உங்கள் தலைமுறையில் வந்ததில்லை. 16-ஆம் நூற்றாண்டில் காமிஇசுமி நோபுத்சுனா, பிளந்த மூங்கிலைத் தோல் உறைக்குள் போட்டுப் பயிற்சி வாள் செய்தார். அடி விழுந்தாலும் எலும்பு முறியாது. யாக்யூ ஷின்காகே ரியூவில் இன்றும் அதே வாள்தான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜிக்கிஷின்காகே ரியூவின் நாகானுமா குடும்பத்தார் முகக்கவசமும் கையுறையும் சீர்ப்படுத்தினார்கள். நூற்றாண்டின் நடுவில் இத்தோ ரியூவின் நாக்கானிஷி அதை இன்னும் வளர்த்தார். நீங்கள் போடும் கெண்டோ கவசத்தின் பாட்டன் அது.

வானம்பாடிக்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. நோபுத்சுனாவின் மாணவர் யாக்யூ முனேயோஷி 1594-ல் தொக்குகாவா இயேயாசுவின் முன் வெறுங்கையோடு நின்றார். இயேயாசு மரவாளோடு வந்தார். வாள் முனேயோஷியின் கைக்குப் போய்விட்டது. இயேயாசு அங்கேயே சீடரானார், மகன் முனேனோரி பின்னாளில் ஷோகுன்களுக்கு (படைத்தலைமை ஆட்சியாளர்களுக்கு) ஆசிரியர். வாள் பள்ளியின் உச்சப் பாடம் வெறுங்கை! ஆனால் முனேனோரி 1632-ல் எழுதிவைத்தது இன்னும் நுட்பம்: எதிரியின் வாளைப் பறிப்பது நோக்கமில்லை, வெட்டுப்படாமல் இருப்பதுதான் நோக்கம். வாளின் எட்டும் தூரத்தை உடம்பால் அறிந்தவனுக்கே அது முடியும். வாள் பழகாமல் வெறுங்கையை மட்டும் பழகி அந்த இடத்துக்குப் போக முடியாது.

சின்னமலை

இது யோசிக்க வேண்டியது. கெண்டோவிலேயே 1912-ல் தொகுத்த 10 கத்தா இருக்கிறது, தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம். கடைசி 3 குறுவாளுக்கு. அதில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உள்ளே புகுந்து இடது கையால் எதிராளியின் முழங்கைக்கு மேலே பிடித்து அடக்க வேண்டும். கெண்டோவில் ஏன் ஆளைப் பிடிக்கிறோம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது புரிகிறது.

மின்மினி

இவ்வளவு பேசிவிட்டீர்கள், நாகினாத்தாவை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே! நான் புதிய நாகினாத்தாவில் தொடங்கி இப்போது பழைய பள்ளி ஒன்றில் பழகுகிறேன். அதனால் இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

நீண்ட மரக்கம்பு, நுனியில் வளைந்த அலகு. அதைத் துறவிப் படையினரும் சாமுராய்களும் போர்க்களத்தில் ஏந்தினார்கள். ஈட்டி வந்து அதன் இடத்தைப் பிடித்தபின் எடோ காலத்தில் சாமுராய் வீட்டுப் பெண்களின் ஆயுதமானது. பெண்களுக்கான மென்மையான கலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1868-ல் அய்சுவை அரசுப் படை முற்றுகையிட்டபோது நாக்கானோ தாக்கேகோ நாகினாத்தா ஏந்திய பெண்களோடு யானாகி பாலம் அருகே துப்பாக்கிப் படையின் மேல் பாய்ந்தார். மார்பில் குண்டு. வயது இருபதை ஒட்டி. தலை எதிரி கையில் சிக்கக்கூடாது என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டார் என்பார்கள். அய்சுபாங்கேயின் ஹோக்காய்ஜி கோவிலில் அவர் கல்லறை இருக்கிறது.

பயிற்சியைப் பற்றி: புதிய நாகினாத்தாவில் இரண்டு பேரும் நாகினாத்தாவோடு மோதுவோம், கெண்டோவில் இல்லாத ஒரு இலக்கு உண்டு, முழங்காலுக்குக் கீழே கணுக்கால்வரை உள்ள எலும்புப் பகுதி. பழைய பள்ளியில் எதிரே வாள்தான் வரும். அப்போதுதான் இந்த ஆயுதம் ஏன் இவ்வளவு நீளம், ஏன் கையை மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம் என்பது விளங்கியது. வாள்காரர் நீளத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கம்பைப் பின்னால் இழுத்து அடிமுனையால் இடிக்க வேண்டும். அதுவும் முடியாத நெருக்கம் என்றால் உடம்பைத் திருப்பி அவரைச் சாய்ப்பதுதான். அந்தத் திருப்பத்தை ஐகிடோ தோழி ஒருத்தி பார்த்துவிட்டு "எங்களுடையது" என்றாள்.

வானம்பாடி

சரி, இதற்கு மேல் குடியானவர் கதையைப் பிடித்துக்கொள்ள இடமில்லை. ஒரு கேள்வி: காவலாட்கள் பயன்படுத்திய ஆயுதங்களும் பள்ளிகளில் இருக்கிறதா?

தடிக்காரர்

இருக்கிறது. எங்கள் பள்ளியோடு சேர்ந்தே வருகிறது: கொக்கி வைத்த இரும்புக் கோல் ஜுத்தே, பிடிபட்டவனைக் கயிற்றால் கட்டும் முறை, சங்கிலி கோத்த அரிவாள். ஜுத்தேயும் கயிறும் ஆளை உயிரோடு பிடிக்கும் தேவையைச் சுற்றி வளர்ந்தவை. ஃபுகுவோகாவின் குரோதா ஆட்சியில் இந்தத் தடிக்கலை வெளியூர் போகாமல் காக்கப்பட்டது. 1930-களில் ஷிமிசு தாக்காஜி வழியாகத் தோக்கியோ போலீஸுக்குப் போனது, கலகத் தடுப்புப் படை இன்றும் பழகுகிறது. மெய்ஜி காலத்தில் மேல்நாட்டு உடை உடுத்தியவர்கள் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும், உச்சிதா ரியோகோரோ அந்தக் கைத்தடிக்கு ஏற்ற நுணுக்கங்களை உருவாக்கினார். 12 வடிவங்கள், அதுவும் எங்கள் பாடத்தில் உண்டு. வாள் போன பிறகும் கலை நின்றுவிடவில்லை.

செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. மணிக்கட்டு விஷயம் மட்டுமே எனக்கு ஐகிடோவைப் புதிதாகத் தொடங்கவைக்கும். கத்தோரி ஷிந்தோ ரியூ பற்றி தடிக்காரர் தொட்டுவிட்டுப் போனார். அங்கே வாள், தடி, ஈட்டி, ஜூஜுத்சு எல்லாம் ஒரே கூரையில் என்கிறார்களே, சேர முடியுமா? எப்படித் தொடங்குவது?

ஓலைச்சுவடி

ஒரே கூரைதான். 15-ஆம் நூற்றாண்டில் ஈசாசா சோய்சாய் இயேனாவோ கத்தோரி கோவில் அருகே தொடங்கிய பள்ளி. 20 தலைமுறைகளாக அதே குடும்பம். 1960-ல் சிபா மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. வாளோடு இயாய், தடி, நாகினாத்தா, ஈட்டி, ஷூரிக்கென் (எறிகத்தி), ஜூஜுத்சு எல்லாம் உண்டு. வெட்டுகள் எல்லாம் கவசத்தின் இடுக்குகளைக் குறிவைத்தவை: கழுத்து, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், தொடை. வெளிநாட்டவரையும் சேர்த்திருக்கிறார்கள், அமெரிக்கரான டான் டிரேகர் அவர்களில் முன்னோடி. ஆனால் சேரும்போது விரலைக் கீறி ரத்தத்தால் ஒப்பமிட்டு உறுதிமொழி தர வேண்டும்: கற்றதை வெளியே சொல்லமாட்டேன், பிற பள்ளிகளோடு போட்டிக்குப் போகமாட்டேன் என்று. அதை முழு மனதோடு சொல்ல முடியுமா என்று யோசித்துவிட்டுப் போங்கள். யோக்கோஹாமாவிலிருந்து வாராவாரம் போய்வருவதும் லேசில்லை.

தடிக்காரர்

பள்ளியின் பெயரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், முதலில் கண்ணால் பாருங்கள். நவம்பர் 3 அன்று மெய்ஜி கோவில் வளாகத்தில் பல பள்ளிகள் செய்து காட்டும். பிப்ரவரியில் தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள். ஒக்காயாமாவின் தாக்கேனோஉச்சி, நாராவில் கொஃபுக்குஜி கோவில் துறவி இன்ஏய் தொடங்கிய ஹோசோயின் சிலுவை ஈட்டி மாதிரியான பள்ளிகளை ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கும். பார்க்கும்போது வெல்பவரை விட்டுவிட்டுத் தோற்கும் மூத்தவரைக் கவனியுங்கள். அவர் பாதம், அவர் வைக்கும் தூரம். யார் உங்களைக் கட்டிப்போடுகிறாரோ அவரிடம் போங்கள்.

பிறகு, ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதுங்கள். ஐகிடோ பழகுவதை மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் ஐகிடோ ஆசிரியரிடமும் சொல்லுங்கள். இயாய் பக்கம் போனால் அவசரப்பட்டு உண்மையான வாள் வாங்க வேண்டாம். உலோகக்கலவையில் செய்த கூரில்லாத பயிற்சி வாள் பல வருடம் போதும். உண்மையான வாளுக்கு மாகாணக் கல்வி வாரியத்தின் பதிவுச்சான்று இருக்க வேண்டும், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக இன்னொரு அனுமதி வேண்டும்.

செங்காந்தள்

பிப்ரவரியில் புடோக்கான் போவது உறுதி. தடியையும் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. முதல் வகுப்புக்குத் தடி வாங்கிக்கொண்டு வர வேண்டுமா?

தடிக்காரர்

வேண்டாம். ஐகிடோ உடுப்பு போதும், தடியும் மரவாளும் பயிற்சிக்கூடத்தில் இருக்கும். பின்னால் வாங்கும்போது வெள்ளை ஓக், இழை நேராக ஓடுவதாகப் பார்த்து எடுங்கள். மியாசாக்கியின் மியாகோனோஜோ ஊரில் செய்தது கிடைத்தால் நல்லது. ரயிலில் கொண்டுவரும்போது துணி உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஊர் விவரம் தனிமடலில் அனுப்புகிறேன்.